ஃபோர் வீல் போட்டுக்கலாமா சார்?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன்.

மழையில் ஊறிப்போன செம்மண் ரோடு. செங்குத்தான மேடு. நீங்கள் ஜீப் ஓட்டிக்கொண்டு மேலே ஏறுகிறீர்கள். பாதி மேட்டில் இன்ஜின் நின்றுவிடுகிறது. வண்டி பின்பக்கமாக வழுக்க ஆரம்பிக்கிறது. இடது பக்கம் பள்ளம். உங்கள் வலது கால், உடம்பில் இருக்கிற மொத்த பலத்தையும் வாங்கிக்கொண்டு பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் நிதானமாக, "சார், இப்ப பிரேக்லேர்ந்து காலை எடுங்க" என்கிறார்.

எடுப்பீர்களா?

நான் எடுத்தேன். ஆனால் உடனே எடுக்கவில்லை. நடுவில் பதினைந்து இருபது விநாடிகள் போயின. வாழ்க்கையில் நான் மிகவும் பயந்த விநாடிகள் அவை. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த விநாடிகளைப் பற்றி அல்ல. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் என் காதில் விழுந்தும் நான் கேட்காமல் விட்ட இரண்டு வாக்கியங்களைப் பற்றி.

* * *

1999, ஜூன் முதல் வாரம். என் நண்பனின் மாமாவுக்கு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. போடிநாயக்கனூரிலிருந்து மலை ஏறினால் கேரளத்து இடுக்கி மாவட்டம் வந்துவிடும். மலை கேரளத்தில் இருந்தாலும் ஏலத்தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் நம் தேனி மாவட்டத்துக்காரர்கள். விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு மேலே போகும். சாயங்காலம் அதே மாதிரி இறங்கும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்துவிட்டுப் போகச் சொல்லி நண்பன் கூப்பிட்டிருந்தான். நான், மனைவி, ஆறு வயது மகள் மூன்று பேரும் போனோம். போடியில் எங்களுக்காகத் தோட்டத்து ஜீப் காத்திருந்தது.

ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி அது. வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து, போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. போர் முடிந்ததும் மஹிந்திரா அதை நம் ஊருக்குக் கொண்டுவந்தது. போருக்காகப் பிறந்தது, கடைசியில் மலைத் தோட்டங்களின் மாட்டு வண்டி ஆகிவிட்டது. கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னும் குட்டிக் குட்டியாக லீவர் இருக்கும். இன்ஜின் பலத்தை நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பதற்கும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதற்கும். ஜீப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

டிரைவர் போடிக்காரர். ஐம்பது வயது இருக்கும். இருபத்தைந்து வருஷமாக அதே மலையில் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

தார் ரோடு முடிந்து தோட்டத்து மண் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் எனக்கு ஆசை வந்தது. "கொஞ்சம் நான் ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்றேன்.

"அதுக்கென்னடா, ஓட்டு. அண்ணே, சாருக்கு விடுங்க" என்றான் நண்பன், பின்னாலிருந்து.

டிரைவர் ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் சென்னையில் பன்னிரண்டு வருஷமாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன். தீபாவளி சமயத்து தி.நகரில் ஓட்டினவனுக்கு இது என்ன பிரமாதம் என்று நினைப்பு. எதிரே பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது, ஒரு மாடுகூடக் கிடையாது. வெறும் மண்ணும் மலையும்தானே!

ஒரு சின்னக் கல்வெர்ட் வந்தது. அதைத் தாண்டியதும் மேடு.

டிரைவர் சொன்னார்: "ஃபோர் வீல் போட்டுக்கலாமா சார்?"

"தேவைப்பட்டா போட்டுக்கலாம்" என்றேன்.

பின்சீட்டிலிருந்து மனைவி: "என்னங்க, நானும் பாப்பாவும் இங்கேயே இறங்கி நடந்து வர்றோமே."

"அட, ரெண்டு நிமிஷம். சும்மா உட்காரு."

அந்த இரண்டு வாக்கியங்கள் இவைதான்.

* * *

பாதி மேட்டில் பின்சக்கரம் சுற்றத் தொடங்கியது. சக்கரம் சும்மா சுற்றினால் ஆக்ஸிலரேட்டரை விட வேண்டும். நான் இன்னும் மிதித்தேன். அது தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. பிறகு பயந்து காலை எடுத்தேன். இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

பிரேக்கை மிதித்தேன். நாலு சக்கரமும் நின்றன. வண்டி மட்டும் நிற்கவில்லை. சோப்புத் தண்ணீரில் வைத்த மரப்பெட்டி மாதிரி அது பாட்டுக்கு இறங்கியது. நாலைந்து அடி இருக்கும். பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கியது. ஏதோ ஒரு கல்லில் சக்கரம் முட்டி நின்றது. அந்தக் கல்லை அங்கே யாரும் எனக்காக வைக்கவில்லை. அது பாட்டுக்கு அங்கே கிடந்தது, அவ்வளவுதான்.

என் கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்த்தது. எப்படியாவது வண்டியைத் திருப்பி, முகம் கீழே பார்க்க, ஒழுங்காக ஓட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்று.

டிரைவர் ஸ்டியரிங் மேல் கை வைத்தார். "திருப்பாதீங்க சார்." குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. உடம்பைப் பாதி வெளியே நீட்டி இடது பின்சக்கரத்தைப் பார்த்தார்.

"பிரேக்கை விட்றாதீங்க. கிளட்சை மிதிச்சு ரிவர்ஸ் போடுங்க. போட்டாச்சா? இப்ப சாவியைத் திருப்புங்க."

இன்ஜின் உறுமி உயிர் பெற்றது.

"இப்ப பிரேக்லேர்ந்து காலை எடுங்க. மெதுவா. கிளட்சையும் கூடவே முழுசா விட்ருங்க, இன்ஜின் புடிச்சுக்கும்."

கால் நகரவில்லை. காலுக்குச் சொல்லிப் பார்த்தேன், அது கேட்கவில்லை. பின்னாலிருந்து மகள், "அப்பா, நாம கீழே போறோமா?" என்று கேட்டாள். பயந்து கேட்கவில்லை. ஜயன்ட் வீலில் கேட்கிற மாதிரி கேட்டாள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவளுக்குப் பயமே இல்லை. ஏனென்றால் ஓட்டுவது அப்பா.

காலை எடுத்தேன்.

வண்டி வழுக்கவில்லை. நடந்தது. பின்பக்கமாக, கிழவர் படி இறங்குகிற மாதிரி, அடி அடியாக. "ஸ்டியரிங் கொஞ்சம் வலது. போதும். இப்ப நேரா." கல்வெர்ட் வரைக்கும் அவர் கண்ணால் நான் ஓட்டினேன்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பூட்டிக்கொண்ட சக்கரம் வழுக்கும். உருளுகிற சக்கரம்தான் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். ரிவர்ஸ் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், வேகம் எடுக்க விடாது. திருப்பக்கூடாது என்றதற்கும் காரணம் உண்டு. மேட்டில் குறுக்கே நிற்கும் ஜீப்பின் கனமெல்லாம் கீழ்ப்பக்கத்துச் சக்கரங்கள் மேல் சாயும். ஜீப் உயரமான, அகலம் குறைந்த வண்டி. கவிழ அதிக நேரம் ஆகாது. அதனால் மேடு ஏற முடியாமல் போனால் ஒரே வழி, வந்த தடத்திலேயே நேராகப் பின்வாங்குவது. மலையில் ஓட்டும் எல்லா டிரைவர்களுக்கும் இது பாலபாடம்.

ஆனால் மனித மனசு அப்படி வேலை செய்வதில்லை. பின்வாங்குகிறோம் என்று தெரியாமல் பின்வாங்கவே அதற்கு ஆசை. பின்பக்கம் காட்டி இறங்குவது கேவலம். திரும்பி, நிமிர்ந்து, நானாகத்தான் இறங்கி வருகிறேன் என்கிற தோரணையில் வர வேண்டும். நொடித்த வியாபாரத்தை மூடாமல் இன்னொரு கடன் வாங்குகிறவரும், தப்பு என்று தெரிந்த பேச்சை வாபஸ் வாங்காமல் புதுசாக ஒரு வியாக்கியானம் சொல்கிறவரும் மேட்டில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறவர்கள்தான்.

* * *

கல்வெர்ட்டில் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நடக்க ஆரம்பித்தாள்.

டிரைவர் உடனே வண்டியில் ஏறவில்லை. முதலில் மேட்டில் நடந்து போனார். நான் தோண்டின குழியில் கிளைகளை வெட்டிப் போட்டார். இரண்டு கல்லைக் காலால் ஒதுக்கினார். உச்சி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எங்கள் எல்லோரையும் நடந்து வரச் சொன்னார். அந்தக் குட்டி லீவர்களைத் தள்ளினார். முதல் கியர். அப்புறம் கிளட்ச் பக்கம் அவர் கால் போகவே இல்லை. மனிதர் நடக்கிற வேகத்தில் ஜீப் ஊர்ந்து ஏறிப் போய்விட்டது. இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு.

தோட்டத்து வீட்டில் டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை; குறை சொல்லத்தான் வந்தது. "ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொன்னேனே சார். ஃபோர் வீல் போட்டுக்கலாமான்னு கேட்டேனே."

"அது சரி. வேணாம், ஓட்டாதீங்கன்னு கண்டிப்பா சொல்லியிருக்கலாமே?"

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு சார். நீங்க முதலாளி வீட்டுக்கு வந்த விருந்தாளி. நான் எப்படிச் சார் வேணாங்கறது?"

ராத்திரி மனைவி சொன்னாள்: "எனக்குக் கீழேயே பயம் வந்துடுச்சு. பயமா இருக்குன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. அதான் நடந்து வர்றோம்னு சொன்னேன்."

யோசித்துப் பாருங்கள். அந்த ஜீப்பில் ஐந்து பேர். ஆபத்து இருக்கிறது என்று இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேருமே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கேள்வியாகச் சொன்னார். இன்னொருவர் வேண்டுகோளாகச் சொன்னாள். 'பயம்' என்ற வார்த்தையை இரண்டு பேரும் உபயோகிக்கவில்லை. ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னால் பயம் நேராக வந்து நிற்பதில்லை. மாறுவேஷத்தில்தான் வரும்.

* * *

இது ஏதோ ஒரு ஜீப்பில் நடந்த சமாச்சாரம் இல்லை. 1977 மார்ச் 27 அன்று கேனரி தீவுகளில், டெனரிஃப் விமான நிலையத்தில், ஓடுபாதை முழுக்க மூடுபனி. கே.எல்.எம். கம்பெனியின் ஜம்போ ஜெட் ஒன்று பறப்பதற்காக ஓட ஆரம்பித்துவிட்டது. அதே ஓடுபாதையில் பனிக்குள் பான் ஆம் கம்பெனியின் இன்னொரு ஜம்போ. முதல் விமானத்தின் காக்பிட்டில் இருந்த ஃபிளைட் இன்ஜினீயருக்குச் சந்தேகம். அந்த விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். கேப்டன் அந்தக் கம்பெனியில் மிகவும் மூத்தவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். இன்ஜினீயர் மறுபடி கேட்கவில்லை. சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. இறந்தவர்கள் 583 பேர்.

காரணங்கள் பல. பனி, நெரிசல், ஒரே சமயத்தில் ரேடியோவில் இருவர் பேசியதால் கேட்காமல் போன எச்சரிக்கை. ஆனால் அதற்குப் பிறகு விமான உலகம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. கீழே இருக்கிறவர் தன் சந்தேகத்தைத் தயங்காமல் சொல்லவும், மேலே இருக்கிறவர் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் விமானிகளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்' என்று அதற்குப் பெயர். பெயர் பெரிசு. விஷயம் போடி டிரைவரின் கேள்விதான்: ஃபோர் வீல் போட்டுக்கலாமா சார்?

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. மோசமான இடம் வந்தால் ஒருவர் இறங்கி முன்னால் நின்று கை காட்டுவார். டிரைவருக்குத் தன் சக்கரம் எந்தக் கல்லின் மேல் இருக்கிறது என்று தெரியாது. வெளியே நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் 'நிறுத்து' என்று கை காட்டினால் நிறுத்த வேண்டும். காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

1980-லிருந்து 2000 வரை 'கேமல் டிராஃபி' என்று ஒரு போட்டி நடந்தது. அமேசான் காடு, போர்னியோ, மடகாஸ்கர், சைபீரியா என்று சேற்றிலும் ஆற்றிலும் வண்டிகளை இழுத்துக்கொண்டு போவார்கள். ஜெயித்த அணிக்குக் கோப்பை உண்டு. அது போக, 'டீம் ஸ்பிரிட்' என்று ஒரு பரிசும் உண்டு. அதை நடுவர்கள் கொடுப்பதில்லை. சேற்றில் சிக்கியபோது யார் வந்து இழுத்துவிட்டது, யாரோடு இருந்தால் தைரியமாக இருந்தது என்று சக போட்டியாளர்களே ஓட்டுப் போட்டுக் கொடுக்கிற பரிசு. பல பேர் அதைத்தான் பெரிய பரிசாக நினைத்தார்கள்.

* * *

இதில் ஒரு தர்மக் கேள்வி இருக்கிறது. தைரியம் நல்ல குணம் என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். சரி. யாருடைய உயிரை வைத்துக் காட்டுகிற தைரியம்?

நான் தனியாக அந்த மேட்டில் ஏறியிருந்தால் அது என் பாடு. முட்டாள்தனமாக இருந்தாலும் என்னுடைய முட்டாள்தனம். ஆனால் பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும்போது நான் காட்டியது தைரியமே அல்ல. அடுத்தவர் பணத்தில் தர்மம் செய்கிற மாதிரி, அடுத்தவர் உயிரில் வீரம் காட்டியிருக்கிறேன்.

சென்னைக்காரர்களுக்கு மலை ஜீப் எதற்கு என்று நினைக்கலாம். வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்த் தரைப்பாலங்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே பழுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கரையில் நாலு பேர் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார்கள். ஐந்தாவதாக ஒருவர் வருவார், "போயிடலாம்" என்பார். பக்கத்தில் மனைவி, பின்னால் அம்மா, குழந்தைகள். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டடி என்பது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலே நின்று சொல்ல முடியாது. பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போலாமேப்பா." அந்தக் குரலுக்கு மாறுவேஷம் கலைத்துப் பெயர் சொன்னால், பயம். அது அவர்களுடைய உரிமை. அந்தக் காரில் அவர்கள் உயிரும் இருக்கிறது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது மடக்கினார். "இப்படி ஒவ்வொருத்தர் பயத்துக்கும் பிரேக் போட்டா மனுஷன் எந்த மலையும் ஏறியிருக்க மாட்டான்."

நியாயமான கேள்வி. ஆனால் போடி டிரைவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவருக்கும் பயமாக இருந்தது. அவரேதான் சொன்னார். இருந்தும் அரை மணி நேரம் கழித்து அதே மேட்டில், அதே ஜீப்பில் ஏறினார். பயம் அவரைத் தடுக்கவில்லை. முதலில் நடந்து பார்க்க வைத்தது. குழியை மூட வைத்தது. ஆட்களை இறக்க வைத்தது. லீவரைப் போட வைத்தது. இத்தனையும் செய்துவிட்டு, பிறகு ஏற விட்டது. எனக்குப் பயம் இல்லை. அதனால் நான் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. பயம் கேள்வி கேட்கிற ஆசாமி. போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அதன் வேலை இல்லை. கேள்வியையே கேட்க விடாமல் வாயை மூடுவதில்தான் சிக்கல்.

திருக்குறளில் படைச்செருக்கு என்று வீரத்துக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. பயத்தின் நியாயத்தைப் பற்றி வள்ளுவர் பேசுகிற இடம் அது அல்ல. அறிவுடைமை அதிகாரத்தில், 428-வது குறளில் பேசுகிறார். பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படாதவனை அவர் வீரன் கணக்கில் எழுதவில்லை, விவரமில்லாதவன் கணக்கில் எழுதுகிறார். எந்த அதிகாரத்தில் வைத்தார் என்பதிலேயே பாதிச் செய்தி இருக்கிறது.

இதற்கு உதாரணம் வேண்டுமானால் 1982-ஆம் வருஷத்து பாரிஸ்–டாக்கர் பந்தயம். சஹாரா பாலைவனத்தைக் கடக்கிற பந்தயம். அதில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் கலந்துகொண்டார். வண்டி பழுதாகி, கூட வந்த இருவரோடு பாலைவனத்தில் காணாமல் போனார். இரும்புப் பெண்மணி என்று பெயர் எடுத்த அம்மா, எல்லோரும் பார்க்க அழுதார். ஆறு நாள் கழித்து அல்ஜீரிய ராணுவ விமானம் அவர்களைக் கண்டுபிடித்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த முன்தயாரிப்பும் செய்யாமல்தான் போனேன் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். பயம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. வீட்டில் இருந்த அம்மாவுக்கு மொத்தமாக வந்தது. பயத்தில் இதுதான் கணக்கு. ஒருவர் படாமல் விட்டதை இன்னொருவர் வட்டியோடு பட வேண்டியிருக்கிறது.

* * *

2014-இல் குடும்பத்தோடு கொழுக்குமலை போயிருந்தோம். தேனி மாவட்டத்து மலை. ஆனால் ஜீப் போகிற பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். உயரம் ஏழாயிரம் அடிக்கு மேல். சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். ரோடு என்று சொல்கிறார்கள். உருட்டிவிட்ட பாறைகளின் மேல் வண்டி ஏறி ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். எங்கள் ஜீப்பில் நாங்கள் மூன்று பேர், தெரியாத இளைஞர்கள் மூன்று பேர். டிரைவர் சின்னப் பையன். முகப்பு வெளிச்சத்தில் பாறைகள் மட்டும் தெரிகின்றன. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வளைவில் வண்டி ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்தது. மகளுக்கு அப்போது இருபத்தொரு வயசு. சத்தமாக, தெளிவாகச் சொன்னாள்: "அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. நிறுத்துங்க, நான் இறங்கி நடந்து வரேன்."

இளைஞர்களில் ஒருவர் சிரித்தார். நான் மனைவியைப் பார்த்தேன். இருட்டில் முகம் தெரியவில்லை. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, "அட, சும்மா உட்காரு" என்று என் நாக்கு வரை வந்தது. இத்தனை வருஷம் கழித்தும். பழக்கம் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது பாருங்கள்.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். "தாராளமா இறங்குங்கக்கா. வளைவு தாண்டி மேல நிக்கிறேன். டார்ச் இருக்கா?" என்றார், ஏதோ பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுகிற மாதிரி.

நானும் கூட இறங்கினேன். மனைவியும் இறங்கினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, சிரித்த அந்த இளைஞரும் இறங்கினார். அவர் கையில் டார்ச் இருந்தது.

நாலு பேரும் பாறைகளுக்கு நடுவே நடந்தோம். மேலே ஜீப்பின் சிவப்பு விளக்கு எங்களுக்காக நின்றுகொண்டிருந்தது. மகளிடம் கேட்டேன்: "உனக்குச் சின்ன வயசுல போடிமெட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனது ஞாபகம் இருக்கா?"

"ஜீப் பின்னாடியே போச்சே, அதுவா? ஜாலியா இருந்துச்சுப்பா" என்றாள்.

மனைவி எதுவும் சொல்லவில்லை. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பாதை மோசமாக இருந்ததால் இருக்கலாம்.